மனம் எந்தப் பக்கம்?

ரெனே தெகார்த்தின் தத்துவத்துக்கு எழுந்த மறுப்புகளில் மிகக் கூர்மையான ஒன்று அவர் காலத்தில் அச்சேறவே இல்லை. அது ஒரு தனிக் கடிதத்தில் வந்தது. எழுதியவர் பொஹீமியாவின் இளவரசி எலிசபெத். அவருடைய தந்தை ஐந்தாம் ஃபிரெடெரிக் 1619இல் பொஹீமிய அரியணை ஏறி, மறு ஆண்டே போரில் தோற்று அதைப் பறிகொடுத்தவர். ஒரு குளிர்காலம் மட்டுமே ஆண்டதால் ‘குளிர்கால மன்னர்’ என்ற ஏளனப் பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. நாடிழந்த குடும்பம் நெதர்லாந்தின் ஹேக் நகரில் அடைக்கலம் புகுந்திருந்தது.

1643 மே மாதம், தம் 24ஆம் வயதில், எலிசபெத் தெகார்த்திடம் கேட்டதன் சாரம் இது: உடல் இடத்தை அடைக்கும் பொருள் என்கிறீர்கள். மனத்தின் இயல்பு நினைப்பது ஒன்றே, அதற்கு நீளமும் இல்லை அகலமும் இல்லை என்கிறீர்கள். ஒரு பொருள் நகர வேண்டுமானால் வேறொன்று அதை முட்டித் தள்ள வேண்டும். முட்டுவதற்கு மேற்பரப்பு வேண்டும். மேற்பரப்பே இல்லாத மனம் உடலை எப்படி அசைக்கிறது?

இந்தக் கேள்வியின் கனத்தை உணரத் தத்துவப் படிப்பு வேண்டாம். பள்ளிக்கூட வாசலில் மாங்காயைக் கீற்றுப் போட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி விற்பார்களே, அதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இந்த வரியை முடிப்பதற்குள் நாக்கடியில் நீர் ஊறியிருக்கும். மாங்காய் எங்கும் இல்லை. தாளில் கறுப்பு எழுத்து இருந்தது. எழுத்திலிருந்து ஒரு நினைப்பு வந்தது. நினைப்பிலிருந்து சில துளி உமிழ்நீர் வந்தது. உமிழ்நீரைக் குழாயில் பிடித்து அளந்துவிடலாம். நினைப்பை எதில் பிடிப்பது? இரண்டுக்கும் நடுவில் என்னதான் நடந்தது?

மனம் பற்றிய கொள்கைகளை நம் பாடநூல்கள் வாதங்களின் வரிசையாகச் சொல்லிப் போகும்: இருமைவாதம், பொருள்முதல்வாதம், நடத்தைவாதம், செயற்பாட்டுவாதம். எலிசபெத்தின் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் அந்த வரிசைக்குள் ஓர் எல்லைத் தகராறு தெரியும். உலகத்தை இரண்டாகப் பிரிக்கும் கோடு எந்த இடத்தில் விழ வேண்டும் என்பதே தகராறு. தெகார்த்தின் கோடு உடலுக்கும் மனத்துக்கும் நடுவே விழுந்தது. அவருக்கு நானூறு ஆண்டுக்கு முன் திருவெண்ணெய்நல்லூரில் மெய்கண்டார் இட்ட கோடு வேறிடத்தில் விழுந்தது: உடலும் மனமும் ஒரு பக்கம், அறியும் உயிர் மறுபக்கம். மேற்கின் மனத் தத்துவம் நெடுந்தூரம் சுற்றி இன்று இந்த இரண்டாவது கோட்டின் அருகே வந்து நிற்கிறது. அதற்காக ‘நம்மவர் அன்றே சொல்லிவிட்டார்’ என்று மார்தட்டவும் வழியில்லை. கோடு எங்கே போனாலும் இளவரசியின் கேள்வி பின்னாலேயே போகிறது.

நோய்ப்படுக்கையிலிருந்து ஒரு மறுப்பு

தெகார்த் அப்போது எக்மொண்டில் வசித்தார். ‘தியானங்கள்’ நூல் வெளிவந்து இரண்டாண்டு ஆகியிருந்தது. மே 21 அன்று அவர் எழுதிய பதிலில் பளுவை உவமையாகக் காட்டினார். கல்லின் பளு கல்லைக் கீழே செலுத்துகிறது. அங்கே ஒரு பரப்பு இன்னொரு பரப்பை முட்டுவதாக நாம் எண்ணுவதில்லை. மனம் உடலைச் செலுத்துவதையும் அப்படி எண்ணிக்கொள்ளலாம் என்றார். எலிசபெத் விடவில்லை. பளு என்பது கல்லுக்குள் குடியிருக்கும் தனிக் குணம் என்ற பழைய கருத்தைத் தம் இயற்பியலில் தள்ளிவிட்டவரே தெகார்த்தான். தள்ளிய பொய்யை உவமையாக்கி எப்படி நம்ப வைப்பீர்கள் என்று ஜூனில் திருப்பிக் கேட்டார். உருவற்ற ஒன்று உடலை அசைக்கும் என்று ஒப்புக்கொள்வதைவிட, மனத்துக்கும் பருமன் உண்டு என்று ஒப்புக்கொள்வது தமக்கு எளிது என்றும் எழுதினார்.

அடுத்த பதிலில் தெகார்த் ஏறக்குறைய கையை விரித்துவிட்டார். மனமும் உடலும் இணைந்திருப்பதை ஆழ்ந்த சிந்தனையால் அறிய முடியாது; அன்றாட வாழ்விலும் பேச்சுப் பழக்கத்திலும்தான் அது விளங்கும் என்றார். தூய அறிவுக்கு உரிய விஷயங்களில் தாம் ஆண்டுக்குச் சில மணி நேரமே செலவிடுவதாகவும் சொன்னார். இதைத் தோல்வி என்று சிலர் படிப்பார்கள். எனக்கு இது நேர்மையாகவே படுகிறது.

1645இல் விவாதம் படுக்கையறைக்கு வந்தது. எலிசபெத்துக்கு விடாத மெல்லிய காய்ச்சலும் வறட்டு இருமலும். இத்தகைய காய்ச்சலுக்கு வழக்கமான காரணம் துயரம் என்று தெகார்த் எழுதினார். மனத்தைக் கவலைகளிலிருந்து விலக்கி, இதம் தருவனவற்றில் செலுத்தச் சொன்னார். குடும்பம் சீர்குலைந்து கிடந்த காலம் அது, துயரத்துக்குப் பஞ்சமில்லை. ஆயினும் எலிசபெத் அந்த அறிவுரையை அப்படியே விழுங்கவில்லை. பகுத்தறியும் ஆற்றலையே பறித்துவிடும் நோய்களும் உண்டே என்று சுட்டிக்காட்டினார். மனம் உடலைத் தேற்ற வேண்டும் என்கிறீர்கள். தேற்ற வேண்டிய மனத்தையே உடல் முடக்கிப் போட்டால் யார் யாரைத் தேற்றுவது? காய்ச்சலில் கிடப்பவரின் இந்தக் கேள்வி முதல் கடிதத்தின் கேள்வியைத் தலைகீழாகத் திருப்பியது. மனம் உடலை எப்படி அசைக்கிறது என்பதோடு, உடல் மனத்தை எப்படிக் கலைக்கிறது என்பதும் சேர்ந்துகொண்டது.

இந்த உரையாடலின் தூண்டுதலில் வளர்ந்த நூல் 1649இல் வெளியான ‘ஆன்மாவின் உணர்ச்சிகள்’. அதில் மூளையின் நடுவே நெல்மணி அளவில் இருக்கும் பினியல் சுரப்பியை மனமும் உடலும் சந்திக்கும் இடமாகத் தெகார்த் விவரித்தார். காரணம் எளியது. கண் இரண்டு, காது இரண்டு, மூளையின் பாகங்களும் இரட்டை இரட்டையாக இருக்கின்றன. நமக்குக் கிடைக்கும் காட்சியோ ஒன்று. இரட்டையாக இல்லாத உறுப்பு அவருக்குத் தெரிந்தவரை இது ஒன்றுதான். அந்தச் சுரப்பியின் மெலடோனின் என்ற சுரப்புநீரை 1958இல் பிரித்தெடுத்தார்கள். இரவு பகல் தாளத்தோடு அதற்குத் தொடர்பு உண்டு. மனத்தின் வாசலாக அது இருக்கவில்லை. இருந்திருந்தாலும் எலிசபெத்துக்கு அது விடையாகாது. சந்திப்பு ‘எங்கே’ என்று சொன்னால் ‘எப்படி’ என்பது தீராது.

தெகார்த் 1650இல் ஸ்டாக்ஹோமில் இறந்தார். தம் கடிதங்களை வெளியிட எலிசபெத் இசையவில்லை. அவை அச்சேறியது 1879இல். அதற்குள் மேற்கில் பலர் விடைக்கு முயன்றிருந்தார்கள். மனமும் உடலும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை, ஒவ்வொரு தருணத்திலும் கடவுளே இரண்டையும் பொருத்துகிறார் என்றார் மாலெபிரான்ஷ். சேர்ந்தே மணி காட்டும்படி முன்கூட்டியே அமைக்கப்பட்ட இரண்டு கடிகாரங்களை உவமை சொன்னார் லைப்னிட்ஸ். இரண்டும் ஒரே பொருளின் இரு முகங்கள் என்றார் ஸ்பினோசா.

கோட்டை அழித்தவர்கள்

இன்னொரு வழி, கோட்டையே அழித்துவிடுவது. ‘மனித இயந்திரம்’ என்று தம் நூலுக்குப் பெயரிட்ட பிரெஞ்சு மருத்துவர் லா மெத்ரி பதினெட்டாம் நூற்றாண்டில் இதைத் துணிந்து செய்தார். 1874இல் டி. எச். ஹக்ஸ்லி பாதி அழித்தார்: மனம் இருக்கிறது, ஆனால் எதையும் செய்வதில்லை; ரயில் எஞ்சினின் கூவல் எஞ்சினிலிருந்து பிறந்தாலும் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை, அப்படி.

1949இல் ஆக்ஸ்ஃபோர்டின் கில்பர்ட் ரைல் ‘மனம் என்னும் கருத்து’ நூலில் தெகார்த்தின் கொள்கைக்கு இயந்திரத்துக்குள் புகுந்த பேய் என்று கேலிப் பெயர் சூட்டினார். கல்லூரிகள், நூலகங்கள், விளையாட்டுத் திடல்கள் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தவர், ‘சரி, பல்கலைக்கழகம் எங்கே?’ என்று கேட்டால் எப்படி இருக்கும் என்பது அவர் காட்டிய எடுத்துக்காட்டு. தெரு, குளம், கோயில், சந்தை எல்லாம் பார்த்துவிட்டு ‘ஊர் எங்கே?’ என்று கேட்பது போன்றது அது. கோபப்படுவது, கணக்குப் போடுவது, நகைச்சுவைக்குச் சிரிப்பது ஆகியவற்றைத் தாண்டி ‘மனம்’ என்று தனியாக ஒன்றைத் தேடுவது சொற்களின் வகையறியாத பிழை என்றார் ரைல்.

இந்த வாதம் கோபத்துக்கும் அறிவுக்கும் நன்றாகப் பொருந்தும். பல்வலிக்குப் பொருந்தாது. முகம் சுளிக்காமல், மாத்திரை தேடாமல், யாரிடமும் சொல்லாமல் ஒருவர் வலியைப் பொறுத்துக்கொள்ளலாம். நடத்தையில் ஒன்றும் இல்லை, வலி இருக்கிறது. இந்த இடைவெளியை யு. டி. பிளேஸ் 1956இலும் ஜே. ஜே. சி. ஸ்மார்ட் 1959இலும் அடைக்க முயன்றார்கள். இருவரும் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் சேர்ந்து பணியாற்றியவர்கள். மின்னல் என்பது மின்சாரப் பாய்ச்சலே அன்றி வேறல்ல என்பதுபோல, வலி என்பது மூளையில் நடக்கும் ஒரு நிகழ்வே அன்றி வேறல்ல என்பது அவர்கள் கொள்கை. 2000இல் இறந்த பிளேஸ் தம் மூளையையே இந்த விவாதத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அடிலெய்ட் பல்கலைக்கழகத்தின் உடற்கூறு அருங்காட்சியகத்தில் அது பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது. பிளேஸின் உணர்வு இந்த மூளைக்குள் இருந்ததா என்ற பொருளில் ஒரு கேள்வியும் அங்கே எழுதப்பட்டிருக்கிறது. ஆம் என்பதே பிளேஸின் கட்சி. ஆனாலும் கேள்விக்குறியை அவர் எடுத்துவிடவில்லை.

ஹிலரி பட்னம் 1960களில் ஒரு விலங்கைக் கொண்டுவந்து நிறுத்தினார்: ஆக்டோபஸ். அதன் நரம்பமைப்பு நம்முடையதைப் போன்றதன்று. வலி என்பது மனித மூளையின் குறிப்பிட்ட ஒரு நிகழ்வுதான் என்றால் ஆக்டோபஸுக்கு வலிக்கவே முடியாது. ஆகவே வலி எந்தப் பொருளால் ஆனது என்பதை விட்டு, என்ன வேலை செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்றார். காயத்தால் தூண்டப்பட்டு, விலகச் செய்து, மறுமுறை எச்சரிக்கும் நிலை எதுவோ அதுவே வலி. அது நரம்பில் நடந்தாலும் சரி, வேறெதில் நடந்தாலும் சரி. கணினி யுகத்தின் மனக் கொள்கை இதுதான். செயற்பாட்டுவாதம் என்று பெயர் பெற்ற இதைப் பின்னாளில் பட்னமே கைவிட்டார்.

அழியாமல் நின்ற மிச்சம்

செயற்பாட்டுவாதம் மனத்தின் பெரும்பகுதியை உடலின் பக்கத்துக்கு வெற்றிகரமாக நகர்த்திவிட்டது. நினைவு, கவனம், கணக்கு, மொழி என்று ஒவ்வொன்றும் போயிற்று. ஒன்று மட்டும் இடம்பெயர மறுத்தது. 1974இல் தாமஸ் நேகல் வவ்வாலை எடுத்துக்கொண்டார். அதன் எதிரொலிப் பார்வையின் இயக்கத்தை முழுக்க அறிந்தாலும், அப்படி உணர்வது வவ்வாலுக்கு எப்படி இருக்கிறது என்பது நமக்கு எட்டாது என்றார். 1982இல் ஃபிராங்க் ஜாக்சன் மேரி என்றொரு கற்பனை விஞ்ஞானியைப் படைத்தார். கறுப்பு வெள்ளை அறையில் வளர்ந்து, நிறம் பற்றிய எல்லா அறிவியல் உண்மைகளையும் கற்றவர் மேரி. முதன்முறை வெளியே வந்து சிவப்பைப் பார்க்கும்போது அவர் புதிதாக ஏதேனும் அறிகிறாரா? ‘ஆம்’ என்றால், அறிவியல் உண்மைகளில் ஏதோ விடுபட்டிருக்கிறது. ஜாக்சனும் பிறகு தம் முடிவை மாற்றிக்கொண்டார். மேரி மட்டும் அந்த அறை வாசலிலேயே நிற்கிறார்.

1995இல் டேவிட் சால்மர்ஸ் இந்த மிச்சத்துக்குப் பெயர் வைத்தார்: கடினமான சிக்கல். தூண்டல்களைப் பிரித்தறிவது, தகவல்களை ஒன்றுசேர்ப்பது, கவனத்தைக் குவிப்பது, தன் நிலையைச் சொல்வது, விழிப்பையும் உறக்கத்தையும் ஆள்வது ஆகியவற்றை ‘எளிய’ சிக்கல்கள் என்றார். எளிது என்றால் நாளையே தீரும் என்று பொருளல்ல; எப்படிப்பட்ட விடை வேண்டும் என்பதாவது நமக்குத் தெரியும். இவ்வளவும் நடக்கையில் ஏன் கூடவே ஓர் அனுபவமும் இருக்கிறது, இருட்டிலேயே ஏன் நடந்துவிடவில்லை என்பதுதான் கடினமானது.

1998இல் ஜெர்மனியின் பிரெமன் நகரில் நரம்பியலாளர் கிறிஸ்டாஃப் காக் சால்மர்ஸிடம் பந்தயம் கட்டினார். உணர்வுக்கு இணையான தெளிவான நரம்புத் தடயம் 25 ஆண்டுக்குள் கண்டுபிடிக்கப்படும். தோற்றால் ஒரு பெட்டி ஒயின். 2023 ஜூனில் நியூயார்க்கில் காக் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயினைக் கொடுத்தார். பந்தயம் ‘ஏன்’ என்பதைப் பற்றியது அல்ல, தடயத்தைப் பற்றியதுதான். அதற்கே கெடு போதவில்லை.

மெய்கண்டாரின் கோடு

சால்மர்ஸ் பிரித்த முறையைச் சைவ சித்தாந்தம் படித்தவர் பார்த்தால் சற்று நிமிர்ந்து உட்காருவார். சித்தாந்தத்தில் மனம் தனி ஒன்றன்று. அது நான்கு உட்கருவிகளில் ஒன்று. மனம் ஒன்றைப் பற்றும், சித்தம் சிந்திக்கும், அகங்காரம் ‘நான்’ என்று முனைந்தெழும், புத்தி இன்னதென்று முடிவுகட்டும். அந்தக்கரணம் எனப்படும் இந்த நான்கும் மாயையிலிருந்து தோன்றியவை, எனவே சடம். கல்லைவிட நுண்ணியவை, ஆனாலும் கல்லின் பக்கத்தவை. சால்மர்ஸின் எளிய சிக்கல்களின் பட்டியலையும் இந்த நான்கின் தொழில்களையும் அருகருகே வைத்தால் பெரும்பாலும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும்.

மெய்கண்டாரின் சிவஞானபோதம் 12 சூத்திரங்களே கொண்ட சிறுநூல். அதன் மூன்றாம் சூத்திரம் உடலை ‘இயந்திரம்’ என்றே குறிக்கிறது. ரைல் கேலியாகச் சொன்ன சொல், ஏழு நூற்றாண்டுக்கு முன் இங்கே வெறும் வருணனை. அந்த இயந்திரத்துக்குள் உயிர் உண்டு என்பதற்குச் சூத்திரம் காரணங்களை அடுக்குகிறது. ‘இல்லை’ என்று சொல்வதற்கும் ஒருவர் வேண்டும். ‘என் உடல்’ என்கிறோம்; உடையவர் வேறு, உடைமை வேறு. ஐந்து புலன்களும் தருவதை ஒருங்கே அறிவது அந்த ஐந்தில் எதுவும் அன்று. புலன்கள் ஒடுங்கிய கனவிலும் அறிவு நிகழ்கிறது. ஆழ்ந்த உறக்கத்தில் உடல் கிடக்கிறது. உண்பதும் செய்வதும் இல்லை. நான்காம் சூத்திரம் ஒரு படி மேலே போய், அந்தக்கரணங்களில் எதுவும் உயிரன்று என்கிறது. அமைச்சரோடு கூடிய அரசனைப் போல உயிர் அவற்றோடு கூடி ஐந்து நிலைகளில் நிற்கிறது. தெகார்த் ஓர் இடம் தேடினார். சித்தாந்தம் நனவுக்குப் புருவநடு, கனவுக்குக் கழுத்து, உறக்கத்துக்கு இதயம், பிறகு உந்தி, மூலாதாரம் என்று ஐந்து இடம் சொன்னது.

இந்தக் கோட்டை ஏற்காதவர்களும் தமிழில் பேசியிருக்கிறார்கள். மணிமேகலைக் காப்பியத்தின் 27ஆம் காதையில் வஞ்சி நகரில் வரும் பூதவாதி, உணர்வு தனிப்பொருள் அல்ல என்கிறார். தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் பிறவற்றையும் கூட்டினால் மதுவில் களிப்பு பிறக்கிறது. எந்தச் சரக்கிலும் தனியாக இல்லாத போதை கூட்டில் வருகிறது. பூதங்கள் கூடினால் உணர்வும் அப்படித்தான். கூட்டுக் கலைந்தால் பறையோசைபோல் அடங்கிவிடும். இன்றைய மூளை ஆய்வாளர் பலர் இதை மறுக்க மாட்டார்கள். அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரின் பரபக்கத்தில் முதலில் எதிர்கொள்வதும் இத்தகைய உலகாயதத்தைத்தான்.

மெய்கண்டாரின் கோடு நூலோடு நின்றுவிடவில்லை. நம் பேச்சிலும் கிடக்கிறது. ‘எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், மனசு கேக்கல’ என்கிறோம். சொன்னது யார்? கேட்காமல் போனது யார்? இந்த வாக்கியத்தில் மனசு நானல்ல. அடங்காத கன்றுபோல என்னிடம் கட்டியிருக்கும் ஒன்று. ஆனால் பேச்சு வழக்கைச் சாட்சிக் கூண்டில் ஏற்றும்போது எச்சரிக்கை வேண்டும். ‘என் உடல்’ என்று சொல்லும் அதே வாயால் ‘என் உயிர்’ என்றும் சொல்கிறோம். உடைமை வேற்றுமை வந்த இடமெல்லாம் உடையவர் ஒருவர் தனியாக இருக்க வேண்டுமானால், உயிருக்கும் பின்னால் இன்னொருவர் நிற்க வேண்டியிருக்கும். ரைல் இதைத்தான் பிடித்துக்கொண்டிருப்பார்.

இரண்டு கோடுகளும் அருகருகே விழுகின்றன, ஒன்றல்ல. சித்தாந்தத்தின் உயிர் அழியாத பொருள், வினைக்கு ஈடாகப் பிறப்பது, வீடு பெறுவது. சால்மர்ஸ் பேசும் அனுபவம் அப்படிப்பட்ட பொருளே அல்ல. இயற்பியல் உலகில் இன்னும் கணக்கில் சேராத ஒரு பண்பு. மேலும் சித்தாந்தத்தில் உயிர் தனித்து நின்று அறியாது, உணர்த்தினால்தான் உணரும். அருகில் வைத்த பூவின் நிறத்தைப் படிகம் ஏற்பதுபோலச் சார்ந்ததன் வண்ணமாகும்.

கேள்வி பின்தொடர்கிறது

இனி எலிசபெத்தைத் திருவெண்ணெய்நல்லூருக்கு அழைத்து வந்தால் என்ன கேட்பார்? மனத்தை உடலின் பக்கம் வைத்தது நல்லது. காய்ச்சலில் புத்தி மங்குவது எனக்கு இப்போது வியப்பில்லை, கருவி பழுதானால் வேலை கெடும். ஆனால் சடமான அந்தக் கருவியை அறிவான உயிர் எப்படித் தொடுகிறது? இதற்குச் சித்தாந்தத்தின் விடை இறைவனின் சக்தி: கண் காண ஒளி வேண்டுவதுபோல, உயிர் அறிய அவனுடைய சக்தி உடனிருக்க வேண்டும். விடை தன் அமைப்புக்குள் முரணற்றது. அந்த நம்பிக்கைக்கு வெளியே நிற்பவருக்கு அது மாலெபிரான்ஷின் விடைக்கு உறவாகத் தோன்றும். இடைவெளியை நிரப்ப மூன்றாவதாக ஒருவர் வர வேண்டியிருக்கிறது.

சால்மர்ஸுக்கு அந்த மூன்றாமவர் இல்லை. அதனால் நெருக்கடி இன்னும் வெளிப்படையானது. ‘வலிக்கிறது’ என்று சொல்லும்போது உதடும் நாக்கும் அசைகின்றன. அவற்றை அசைப்பது தசை. தசையை முடுக்குவது நரம்பு. நரம்பை முடுக்குவது மூளை. இந்தச் சங்கிலியில் கண்ணி எதுவும் குறையவில்லை என்றால் வலியின் அனுபவம் எங்கே வேலை செய்தது? எங்குமே செய்யவில்லை என்றால், கடினமான சிக்கலைப் பற்றிய நூல்களும் அனுபவத்தின் உதவியின்றியே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஹக்ஸ்லியின் கூவல் தன்னைப் பற்றித் தானே ஒரு நூல் எழுதிய கதை இது. சால்மர்ஸ் தம் 1996ஆம் ஆண்டு நூலில் இந்த முரணை மறைக்காமல் ஓர் அத்தியாயமாகவே விவாதித்தார்.

கோட்டை அழித்தவர்களும் தப்பவில்லை. அவர்கள் உமிழ்நீர்வரை எல்லாப் படியையும் விளக்கிவிடுவார்கள்: எழுத்து கண்ணில் பட்டது, சொல் நினைவைக் கிளப்பியது, நரம்பு சுரப்பியைத் தூண்டியது. அவர்கள் கணக்கில் எழுத்து இருக்கும், நரம்பு இருக்கும், நீர் இருக்கும்; நினைத்தவுடன் பல் கூசிய அந்தப் புளிப்பு இருக்காது. கோட்டை வைத்துக்கொண்டவர்களிடம் புளிப்பு பத்திரமாக இருக்கிறது. அதிலிருந்து உமிழ்நீருக்கு வழி சொல்லத் தெரியவில்லை.

எலிசபெத் தமக்கென்று ஒரு கொள்கையை எழுதிவைக்கவில்லை. பின்னாளில் ஜெர்மனியின் ஹெர்ஃபோர்டில் மடத்தலைவியாகி, 1680இல் இறந்தார். அவர் விட்டுப்போனது ஓர் உரைகல். யார் மனத்துக்குப் புதிதாக ஒரு கொள்கை கொண்டுவந்தாலும், நரம்பியலாளரானாலும் சித்தாந்தியானாலும், அவரிடம் ஒரு கீற்று மாங்காயை நீட்டலாம். புளிப்பையும் விட்டுவிடாமல், உமிழ்நீரையும் விட்டுவிடாமல், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அவர் போய்ச் சேர வேண்டும். இதுவரை யாரும் போய்ச் சேரவில்லை.